புரியில்லாத திருகு: சிறுபடகின் எஃகு விசிறி வந்த வழி

1837 பிப்ரவரியில் லண்டன் பேடிங்டன் கால்வாயில் சிறிய நீராவிப் படகொன்று சோதனை ஓட்டத்தில் இருந்தது. அதன் அடியில் பொருத்தப்பட்டிருந்தது மரத்தாலான நீண்ட திருகு. தண்டைச் சுற்றி இரண்டு முழுப் புரிகள் கொண்டது. ஓட்டத்தின்போது திருகு எதிலோ மோதி ஏறக்குறைய பாதி உடைந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் அது முன்னைவிட வேகமாகச் செல்வதைக் கண்டனர். படகுக்குரியவர் ஹெண்டன் ஊரைச் சேர்ந்த பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், தொழிலால் விவசாயி. 1836 மே இறுதியில் அவர் திருகுக்குக் காப்புரிமை பெற்றார். ஆறு வாரங்களில் ஸ்வீடன் பொறியாளர் ஜான் எரிக்சன் வேறொரு வடிவத்துக்குத் தனியே காப்புரிமை பெற்றார். ஆனால் கற்பித்தது அந்த உடைவுதான். நீர் மரக்கட்டையன்று, திருகாணியைப் போல அதனுள் ஊன்றி முன்னேறத் தேவையில்லை. நீரைப் பின்னே தள்ளும் சில இதழ்களே போதும்.

வடிவம் மாறியது, சொல் மாறவில்லை. இங்கிலாந்தின் கப்பற்காரர்கள் இன்றும் அதனை 'ஸ்க்ரூ' என்கின்றனர். சிறு விசைப்படகுக்கு விசிறி தேடுபவர் இரண்டு எண்களைச் சொல்லிக் கேட்கிறார்: பதின்மூன்று அங்குல விட்டம், பதினேழு அங்குலப் 'பிட்ச்'. தமிழ்ப் பள்ளி இயற்பியல் நூல்கள் திருகு அளவியை விளக்கும்போது இந்த இரண்டாம் எண்ணுக்குப் 'புரியிடைத் தூரம்' என்று பெயரிடுகின்றன: இரு புரிகளுக்கு இடையிலான தொலைவு. இன்றைய விசிறியிலோ புரி என்பதே கிடையாது. ஒரு சுற்றில் அது நழுவாமல் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கும் என்னும் கற்பனைத் தூரமே அந்த எண். கால்வாயில் உடைந்து மூழ்கிய மரப் புரி கலைச்சொல்லில் மட்டும் உயிரோடிருக்கிறது.

அந்தக் கற்பனைத் தூரத்துக்கும் படகு உண்மையில் சென்ற தூரத்துக்கும் உள்ள வேறுபாடே நழுவல். எஞ்சின் நிமிடத்துக்கு 5500 சுற்று. பற்சக்கரப் பெட்டி அதனைப் பாதியாக்குகிறது. விசிறி 2750 சுற்று சுழல்கிறது. பிட்ச் 17 அங்குலம். ஏட்டுக் கணக்கில் வேகம் மணிக்கு ஏறக்குறைய 71 கிலோமீட்டர். படகு 62 அல்லது 63 கிலோமீட்டரே சென்றால் நழுவல் 12 விழுக்காட்டை ஒட்டியது. இலேசான, நீர்ப்பரப்பின் மேலெழுந்து ஓடும் படகுக்கு அது இயல்பானது. நழுவலைக் குறைபாடாக மட்டும் எண்ணுவது பிழை. நழுவல் இல்லாவிடில் நீர் பின்னே தள்ளப்படவில்லை. தள்ளப்படாவிடில் உந்துவிசையும் இல்லை.

கடற்படை வரலாற்று நூல்கள் பெரிதும் விரும்பிச் சொல்லும் காட்சி 1845 ஏப்ரலில் நிகழ்ந்தது. திருகு பூட்டிய ராட்லர் கப்பலும் பக்கச் சக்கரங்கள் கொண்ட அலெக்டோ கப்பலும் பின்னோடு பின்னாகக் கட்டப்பட்டன. ராட்லர் மற்றதைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. நாடகத்துக்கு ஏற்ற காட்சிதான். ஆயினும் பிரிட்டிஷ் கடற்படை அதற்கு முன்பே திருகுக் கப்பல்களுக்கு ஆணை பிறப்பித்துவிட்டது. கயிறிழுப்பு விடையளித்த கேள்வி 'சக்கரமா, திருகா' என்பது. 'எந்தத் திருகு' என்னும் கடினமான கேள்விக்கு, அதே ராட்லரில் அதற்கு முந்தைய மாதங்களில் வெவ்வேறு நீளமும் வடிவமும் கொண்ட திருகுகளை மாற்றி மாற்றிப் பூட்டி நடத்திய சோதனைகளே விடை தேடின. அவை இழுப்புப் போட்டியளவு புகழ் பெறவில்லை என்பதில் வியப்பில்லை. இன்று சிறுபடகுக்கு விசிறி தேர்பவர் செய்வதும் ராட்லர் செய்ததே: ஒன்றைப் பூட்டி ஓட்டுதல், சுற்று எண்ணிக்கையைக் குறித்தல், கழற்றி மற்றொன்றைப் பூட்டுதல்.

இரண்டாவது பாடம் வேகம் கற்பித்தது. 1890களில் விரைவுப் போர்க்கலங்களின் விசிறிகள் ஓர் எல்லைக்கு மேல் எவ்வளவு விசை கொடுத்தாலும் பயன் தரவில்லை. இதழின் முதுகில் அழுத்தம் மிகத் தாழ்ந்து, நீர் தன் வெப்பநிலையிலேயே ஆவிக் குமிழிகளாக உடைந்தது. அதற்குக் 'கேவிட்டேஷன்' என்னும் பெயரை ஆர்.இ. புரூட் வழங்கினார். சார்லஸ் பார்சன்ஸின் டர்பினியா 1894இல் ஒரே விசிறியுடன் இருபது நாட் வேகத்தைக்கூட எட்ட இயலாமல் தடுமாறியது. அவர் சிறு நீர்த்தொட்டி ஒன்றை அமைத்துக் குமிழிகளைக் கண்ணால் கண்டார். பின்னர் மூன்று தண்டுகளில் மும்மூன்றாக ஒன்பது விசிறிகளைப் பூட்டினார். 1897 ஜூனில் விக்டோரியாவின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் அப்படகைத் துரத்திப் பிடிக்க எந்தக் கலத்தாலும் இயலவில்லை. வேகமாக ஓடும் விசிறிக்கு இதழ்ப் பரப்பு போதுமானதாகவும் இதழ் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய இதழுக்கோ வலிய உலோகம் வேண்டும்.

அந்த உலோகம் கடலோடு தொடர்பில்லாத இடத்திலிருந்து வந்தது. 1913இல் ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்துக்குத் தீர்வு தேடியபோது, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு துருவை எதிர்ப்பதைக் கண்டார். தமிழர் அடுக்களை அவ்வகை உலோகத்துக்கு 'எவர்சில்வர்' என்று பெயரிட்டு, அது வெள்ளியும் அன்று இரும்பும் அன்று என்பதுபோல் ஏற்றுக்கொண்டது. புறப்பொருத்து எஞ்சின் அதற்குச் சற்று முன்னரே, 1909இல் ஓலி எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒன்றரைக் குதிரைத்திறன் பொறியோடு, பரவத் தொடங்கியிருந்தது. ஆயினும் எஃகு விசிறி சிறுபடகுக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. தடை வார்ப்பில் இருந்தது. அலுமினியத்தை அச்சில் அழுத்தி விரைவாக, மலிவாக வார்க்கலாம். எஃகு விசிறிக்கோ மெழுகு மாதிரி செய்து, அதன்மேல் ஓடு கட்டி, மெழுகை உருக்கி வடித்து, வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். கொள்கையளவில் சுவாமிமலைச் சிற்பிகளின் முறையும் இதுவே. செலவு மிகுதி, பயன், மெல்லிய இதழும் வளையாத விளிம்பும். பின்விளிம்பைச் சிறிது உட்குவித்து வைத்தால் திருப்பங்களில் விசிறி காற்றை இழுத்துப் பிடியிழப்பது குறைகிறது.

வலிமைக்கு ஒரு விலையும் உண்டு. பாறையில் மோதும் அலுமினிய இதழ் வளைந்தோ முறிந்தோ அடியைத் தானே ஏற்கிறது. எஃகு இதழ் எளிதில் வளையாது. அடி நடுவிலுள்ள ரப்பர்க் குடத்துக்கும், அது தாங்காவிடில் தண்டுக்கும் பற்சக்கரங்களுக்கும் செல்கிறது. உப்பு நீரில் எஃகும் அலுமினியமும் சேர்ந்தால் அரிப்பு அலுமினியப் பெட்டியையே முதலில் தாக்கும்; அதனால்தான் தன்னை இழந்து பெட்டியைக் காக்கும் துத்தநாகக் கட்டி தேவைப்படுகிறது. மலிவான இதழைக் காக்க விலையுயர்ந்த பெட்டியைப் பணயம் வைக்கலாமா என்னும் கேள்விக்கு, ஆழமான ஏரியில் ஒரு விடையும் பாறைக் கரையில் வேறொரு விடையும் உண்டு.

இந்தியக் கடற்கரையில் இக்கதை வேறு திசையில் திரும்புகிறது. 1952இல் ஒப்பந்தமாகி 1953இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் தொடங்கிய இந்திய நார்வே திட்டம், இருந்த வள்ளங்களிலேயே எஞ்சினைப் பூட்ட முதலில் எண்ணியது. குடைமர வள்ளம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. புதிய படகுகள் கட்டப்பட்டன. அவற்றின் அடியில் நிலையாகத் தொங்கிய விசிறிக்கு ஆழம் வேண்டும், அமைதியான முகத்துவாரம் வேண்டும். அஷ்டமுடிக் காயலின் வாயில் அமைந்த நீண்டகரைக்கு அது வாய்த்தது. அலை நேரே மணலில் உடையும் திறந்த கரைகளுக்கு வாய்க்கவில்லை. எந்த ஊர் துறைமுகமாக வளரும், எந்த ஊர் பின்தங்கும் என்பதில் விசிறியின் ஆழத்துக்கும் பங்கு இருந்தது. இத்திட்டம் பற்றிய ஆய்வுகள் மூலதனத்தையும் இறால் ஏற்றுமதியையும் பேசிய அளவுக்கு இதனைப் பேசவில்லை, பேசியிருக்க வேண்டும்.

திறந்த கரைகளுக்கு இரண்டு விடைகள் பின்னர் வந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும்போது விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும் டீசல் படகுகளை ஆந்திர, தமிழ்நாட்டுக் கரைகளுக்கு வடிவமைத்தது. மற்றொன்று, 1980களில் கேரளத்தில் பெருகிய, மண்ணெண்ணெயில் ஓடும் புறப்பொருத்து எஞ்சின். அதனைச் சாய்த்துத் தூக்கலாம். கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வென்றது இதுவே.

ஆனால் அந்தப் பொறியின் அடிப்படை வடிவமைப்பு இலேசான உல்லாசப் படகின் தேவையிலிருந்து வளர்ந்தது: சிறிய விட்டம், விரைந்த சுழற்சி. ரேங்கின் 1865இலேயே காட்டியதுபோல், ஒரே உந்துவிசைக்குக் கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளுவதைவிட நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். வலையும் ஆட்களும் நிறைந்து மெதுவாக நகரும் வள்ளத்துக்கு வேண்டியது பெரிய விட்டமும் தணிந்த சுழற்சியும். கைக்குக் கிடைத்தது அதன் எதிர்மறை. வங்காள விரிகுடாத் திட்டத்துக்காக 1986இல் ஓய்விந்த் குல்பிரான்சன் எழுதிய அறிக்கை சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவை எடுத்துக்கொண்டு, வேகத்தைச் சற்றே குறைப்பதும் பெரிய, மெதுவான விசிறியைப் பூட்டுவதும் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று விளக்கியது. எரிபொருளே மீனவரின் பெருஞ்செலவாகிவிட்ட கரைகளில் அது ஏட்டுக் கணக்கன்று. எனினும் புறப்பொருத்து எஞ்சினின் கீழ்ப்பெட்டி, விசிறியின் விட்டத்துக்கு ஓர் எல்லையை முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. வாங்குபவருக்கு எஞ்சியுள்ள சுதந்திரம் பெரும்பாலும் பிட்ச் ஒன்றே.

அதற்கான விதி எளியது. முழு விசையில், வழக்கமான சுமையுடன் ஓட்டும்போது எஞ்சின் தயாரிப்பாளர் குறித்த சுற்று வரம்பை எட்ட வேண்டும். எட்டாவிடில் பிட்ச் அதிகம்; எஞ்சின் திணறி, சூடேறி, எரிபொருளைத் தின்னும். மீறினால் பிட்ச் குறைவு. ஓர் அங்குல மாற்றத்துக்கு நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை மாறும் என்பது பொதுக் கணக்கு. விடுமுறை நாளில் நான்கு பேரோடு ஓடும் படகுக்கு இவ்வளவு போதும்.

'வழக்கமான சுமை' என்பது வள்ளத்துக்கு எது என்பதே சிக்கல். விடியுமுன் வெறுமையாகப் புறப்படும் வள்ளமும் மத்தி நிறைந்து விளிம்பு நீரைத் தொட்டுத் திரும்பும் வள்ளமும் நீருக்கு இரண்டு வேறு படகுகள். பெருங்கப்பல்களில் இதழின் கோணத்தை ஓட்டத்திலேயே மாற்றும் விசிறிகள் உண்டு. தோளில் சுமக்கும் எஞ்சினில் அவை இல்லை. போகும் வழிக்குத் தேர்ந்த பிட்ச் வரும் வழியில் எஞ்சினைத் திணறடிக்கும். வரும் வழிக்குத் தேர்ந்தால் போகும் வழியில் மண்ணெண்ணெய் வீணாகும், மற்ற வள்ளங்கள் முந்திச் சென்று முதல் வலையை வீசிவிடும்.