திருக்கோணமலை எண்ட கப்பலும் திருக்கோணமலை எண்ட ஊரும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக நகரம். அங்கே பழைய கப்பல்துறையைத் திருத்தி அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் நிற்கிற பெரிய பாய்க்கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. எங்கட திருக்கோணமலைதான், வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆனது. 1817இல் பம்பாயில், வாடியா என்ற பார்சிக் குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டிய கப்பல். 1987இல் ஹார்ட்டில்பூலுக்கு வந்து, பல வருடம் திருத்த வேலை நடந்து 2001இல் முடிந்தது. தொழில் படுத்துப்போன ஒரு துறைமுகம், எங்கட ஊரின் பெயர் சுமந்த கப்பலைக் காட்டி ஆட்களைக் கூப்பிடுகிறது.

சரி, பெயரைக் கொடுத்த ஊரின் கதை என்ன?

கோட்டையிலிருந்து தொடங்குவம். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள். 1624இல் அந்த மலையிலேயே, கோயில் கற்களையும் எடுத்துக் கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் மீன் சின்னமும் சிதைந்த தமிழ் வரிகளும் பொறித்த கல்லை இன்றும் பார்க்கலாம். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி பிரிப்பான் என்று அந்த வரிகள் சொல்வதாக ஊரில் சொல்வார்கள். நடக்க முன்னம் சொன்னதா, நடந்த பிறகு பாடினதா என்ற வாதம் வேற. எனக்குப் பெரிதாகப் படுவது, உடைத்தவன் கட்டின வாசலிலேயே அந்தக் கல் நிற்கிறது என்பதுதான்.

1639இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். 1782ஆம் வருடத்தை நினைச்சாலே தலை சுத்தும்: ஜனவரியில் ஆங்கிலேயர் கையில், ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரான் கையில். சனம் யாருக்கு வரி கட்டினதோ தெரியாது! 1795இல் ஆங்கிலேயர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். 1803இல் தங்கள் ராசாவின் மகன் பிரெட்ரிக்கின் பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் அது பிரெட்ரிக் கோட்டைதான். உள்ளே இராணுவம் இருக்கிறது. கோணேசரைக் கும்பிடப் போகிற ஆள் அந்த வாசலாலதான் ஏறவேணும். வழியில் மான் நிற்கும், எல்லாரும் நின்று படம் எடுப்பினம், வாசல் கல்லை அநேகம் பேர் பார்க்காமலே போய்விடுவினம்.

கோயிலுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டால், 1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது புதைத்து வைத்திருந்த வெண்கலச் சிலைகள் கிடைத்தன. இடிக்க முன்னம் யாரோ ஓடி ஓடிப் புதைத்திருக்கிறார்கள். அவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. 1963இல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

இனி உட்துறைமுகப் பக்கம். ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் பழைய மாடிவீட்டை நெதர்லாந்தின் உதவியோடு திருத்தி, 2013இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தடித்த சுவரும் அகலமான விறாந்தையுமாக நல்ல கட்டடம், திருத்தமும் நல்லாத்தான் செய்திருக்கினம், கட்டாயம் போய்ப் பாருங்கோ. நகரத்தின் பழைய எஸ்பிளனேட் மயானத்தில் ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டினின் கல்லறையும் இருக்கிறது. 1852இல் பர்மாப் போருக்குப் போன கடற்படைத் தளபதி, வாந்திபேதியில் செத்தார். நாவல் படிக்கிற வெளிநாட்டார் அதைத் தேடி வருகிறார்கள்.

ஆக, தளபதிகளின் கதைக்கு எங்கட துறைமுகத்தில் குறை இல்லை. ஆனால் அந்தத் தளபதிகளின் கப்பலுக்கு நிலக்கரி ஏற்றினது யார்? டொக்யார்ட்டில் இரும்பு அடித்தது, மரம் அறுத்தது, கணக்கு எழுதினது யார்? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் டொக்யார்ட்டிலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டபோது அங்கே வேலைக்குப் போயிருந்தது யார்? 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. சுதந்திர நாட்டுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்த டொக்யார்ட் சம்பளத்தை நம்பி வளர்ந்த தெருக்கள் இந்த ஊரில் இருந்தன.

சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தொட்டிகளை எடுங்கோ. பிரித்தானியர் கட்டினது. 2022 ஜனவரியில் இந்தியாவும் இலங்கையும் அவற்றைப் பங்குபோட்டு ஒப்பந்தம் செய்தன. எத்தனை தொட்டி யாருக்கு என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அதைக் கட்டின கூலிகளைப் பற்றி ஒரு பந்தி வாசித்த ஞாபகம் எனக்கு இல்லை.

துறைமுகத்தைச் சுற்றுலாத் தலமாக்கவேணும் என்ற பேச்சு ஒவ்வொரு அரசாங்கத்திலும் வரும். வரட்டும். கொழும்பின் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனையை 2011இல் கடைகளும் உணவகங்களுமாக மாற்றினது போல இங்கேயும் செய்வினமாக்கும். அப்ப சுவரில் தொங்கப்போகிற படங்கள் எவை என்பதில் எங்களுக்கும் ஒரு சொல் இருக்கவேணும். அதுக்குக் கையில் ஏதாவது வேணுமே. உங்கட அப்பப்பாவோ அம்மப்பாவோ டொக்யார்ட்டில் வேலை செய்திருந்தால், அவரின் வாயிற் பாஸ், சம்பளத் துண்டு, ஒரு பழைய படம் அலுமாரிக்குள்ள கிடக்குதோ எண்டு இந்த விடுமுறைக்குக் கிளறிப் பாருங்கோ. கிடைத்தால் படத்தின் பின்பக்கத்தில் அவரின் பெயரையும் வேலையையும் முதலில் எழுதி வையுங்கோ.