இல்லங்களில் எஞ்சிய திரைப்படங்கள்: தொகுப்பாளர் வகையும் வழக்கமும்

முன்னுரை

ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றைக் கற்றார் ஓர் உண்மையை நன்கு அறிவர். பழந்தமிழ் நூல்களுட் பல அரசர் கருவூலங்களிலும் மடங்களிலும் மட்டுமே இருந்து பிழைத்தவையல்ல. புலவர் வீட்டுப் பரண்களிலும் கவிராயர் வீட்டுப் பெட்டிகளிலும் கிடந்து பிழைத்தவையும் உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தற்கு முன்னும் பின்னும் ஊர்தோறும் சென்று வீட்டுக் கதவுகளைத் தட்டியமை யாவரும் அறிந்ததே. நூலைக் காத்தவருள் அதன் அருமை அறிந்து காத்தவரும் இருந்தனர். அறியாமலே காத்தவரும் இருந்தனர்.

இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க வரலாறு திரைப்படத்திற்கும் உண்டு. திரைப்படம் தோன்றி ஒன்றேகால் நூற்றாண்டிற்குச் சற்று மிகுதியான காலமே ஆயிற்று. எனினும், அதன் தொடக்ககாலப் படைப்புகளுட் பெரும்பாலன அழிந்தொழிந்தன. அமெரிக்க நாட்டுக் காங்கிரசு நூலகம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 முடிய அந்நாட்டில் வெளிவந்த ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப்படங்களுள் வெளிவந்த வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை நூற்றுக்குப் பதினான்கே. நூற்றுக்குப் பதினொன்று, வெளிநாட்டுப் பதிப்பாகவோ அளவிற் சிறிய சுருளாகவோ மட்டும் எஞ்சியுள்ளன. இச்சிறிய சுருள்கள் யாருக்காக எடுக்கப்பட்டன? யாரால் வைத்திருக்கப்பட்டன? இவ்வினாக்களுக்கு விடை காணப் புகுந்தால், இல்லங்களில் படம் தொகுத்த ஆர்வலர்தம் வரலாற்றையே ஆராய்தல் வேண்டும். அவரை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையார் வழக்கமும் எதனைக் காத்தது, எதனை இழந்தது என்று காண்பதே யாம் ஈண்டு மேற்கொண்ட பணியாகும்.

1. களிப்பிற்காகத் தொகுத்தோர்

முதற்கண் எண்ணத்தக்கவர், தம் குடும்பத்தார் கண்டு மகிழ்தற்பொருட்டுப் படச்சுருள் வாங்கியோர். திரையரங்குகளில் ஓடிய 35 மில்லிமீட்டர்ச் சுருள் நைட்ரேட்டு என்னும் பொருளால் ஆகியது, எளிதில் தீப்பற்றுவது, பற்றினால் அணைத்தற்கு அரியது. அதனை வீட்டில் வைத்தல் இடர் மிக்கது. ஆதலின், பிரான்சு நாட்டுப் பாத்தே நிறுவனம் 1912ஆம் ஆண்டளவில் தீப்பற்றாத பொருளால் 28 மில்லிமீட்டர்ச் சுருளை வெளியிட்டது. அதே நிறுவனம் 1922ஆம் ஆண்டின் இறுதியில் ‘பாத்தே பேபி’ என்னும் சிறு கருவியையும் 9.5 மில்லிமீட்டர்ச் சுருளையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. மறு ஆண்டில் கோடக்கு நிறுவனம் 16 மில்லிமீட்டரையும், 1932ஆம் ஆண்டில் 8 மில்லிமீட்டரையும் அளித்தது.

பாத்தே பேபியின் அமைப்பு நோக்கத்தக்கது. அதன் சுருளில் துளைகள் ஓரங்களில் இல்லை; படங்களின் இடையே நடுவில் உள்ளன. சுருளின் நீளம் குறைவாதலின் ஊமைப்படத்தின் எழுத்துப் பலகைகளை முழுநீளத்திற்குப் பதித்தல் இயலவில்லை. ஆகவே, எழுத்துள்ள இடத்தில் சுருளின் ஓரத்தில் சிறு வெட்டு ஒன்று அமைத்தனர். அவ்வெட்டு வந்துழிக் கருவி தானே சற்று நின்று, அவ்வெழுத்தைப் படித்தற்குக் காலம் அளித்துப் பின் நகர்ந்தது. பெரும்படங்களும் இவ்வாறு சுருங்கிய வடிவிலேயே வீடுகளை அடைந்தன.

சுருக்கம் குறையே எனினும், சில படங்களுக்கு அக்குறையே உயிராயிற்று. 1925ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி லாஸ்ட் வேர்ல்டு’ என்னும் படம் சில ஆண்டுகளிலேயே வழக்கிலிருந்து நீக்கப்பட்டது. கோடக்கு நிறுவனத்தின் கோடாசுகோப்பு நூலகம் வீடுகளுக்கு வாடகைக்கு அளித்த சுருக்கப் பதிப்பின் வாயிலாகவே பல்லாண்டுகள் அப்படம் அறியப்பட்டு வந்தது. முழுநூல் மறைந்துபோகத் தொகைநூலில் எடுத்தாளப்பட்ட பகுதி மட்டும் நிற்றலை ஒத்தது இது.

இவ்வகையார் படத்தைக் கலைப்பொருளாகக் கருதி வைத்தவரல்லர். பிறந்தநாள் விழாவிற்கு ஒரு நகைச்சுவைச் சுருள், விருந்தினர்க்கு ஒரு செய்திச் சுருள் என்னும் அளவிலேயே வாங்கினர். 1937ஆம் ஆண்டில் காசில் நிறுவனம் இண்டன்பர்க்கு வானூர்தி எரிந்த செய்திப்படத்தை வீட்டுச் சுருளாக விற்றதும் இவர்களை நோக்கியே. பார்த்துச் சலித்தபின் சுருள் பரணை அடைந்தது. பரணை அடைந்ததனாலேயே பிழைத்தது.

2. தேடித் தொகுத்தோர்

இரண்டாம் வகையார், ஒரு படைப்பின்மேல் வேட்கை கொண்டு அதனைத் தேடித் திரிந்தோர். இவர்க்குச் சிறந்த சான்று இங்கிலாந்து நாட்டுக் கெவின் பிரவுன்லோ. 1938ஆம் ஆண்டிற் பிறந்த இவர், பள்ளிச் சிறுவராய் இருந்தபோதே 9.5 மில்லிமீட்டர்ப் படங்களைத் தொகுக்கத் தொடங்கினார். 1950களின் முற்பகுதியில் ஆபெல் கான்சு இயக்கிய ‘நெப்போலியன்’ படத்தின் சுருள்கள் இரண்டு அவர் கைக்கு வந்தன. 1927ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பெரும்படம் பலராலும் வெட்டிச் சிதைக்கப்பட்டு, அதன் முழு வடிவம் காணக் கிடையாததாய் இருந்தது. வீட்டுச் சுவரில் வீழ்ந்த அச்சிறு படத்தின் ஒளியைக் கண்ட சிறுவர், எஞ்சியவற்றைத் தேடும் பணியை வாழ்நாட்பணியாக மேற்கொண்டார். அதன் பயனாக 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தெல்லுரைடு விழாவிலும், 1980ஆம் ஆண்டில் இலண்டனிலும் மீட்டமைக்கப்பட்ட படம் காட்டப்பெற்றது. படைத்தவர் 1981ஆம் ஆண்டிலேயே மறைந்தாராதலின், தம் படைப்பு உயிர்பெற்றதைக் கண்டே மறைந்தார் எனலாம்.

இங்கு ஒன்று குறித்தல் தகும். முதல்வகையார் பொருளின்றி வைத்திருந்த சுருளே இரண்டாம் வகையார்க்கு வித்தாயிற்று. முன்னவர் இலராயின் பின்னவர்க்குத் தேடுதற்கு ஒன்றும் இராது.

3. காட்டுவதற்காகத் தொகுத்தோர்

மூன்றாம் வகையார், தாம் தொகுத்ததைப் பிறர்க்குக் காட்டாது அமையாதவர். 1936ஆம் ஆண்டில் பாரிசு நகரில் சினிமாத்தேக்கு பிரான்சேசு என்னும் திரைப்படக் காப்பகத்தை நிறுவிய ஆன்றி இலாங்குலுவா இவருள் தலையாயவர். தம் சொந்தத் தொகுப்பிலிருந்தே அவர் தொடங்கினார். படத்தைக் காட்டுதலே அதனைக் காத்தலாகும் என்பது அவர் கொள்கை. அதே காலத்தில் இலண்டன் தேசியத் திரைப்பட நூலகத்தில் பணிபுரிந்த எர்னசுட்டு இலிண்டுகிரேன், காத்தலே முதற்கடன், சுருள் தேயுமாறு ஓட்டுதல் தகாது என்றார். ஏட்டைப் பலர்க்கும் இரவல் தந்து நூலைப் பரப்புவதா, பெட்டியிலிட்டுப் பூட்டி ஏட்டைக் காப்பதா என்னும் வினாவே இது.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இலாங்குலுவா காட்டிய படங்களைக் கண்டே பிரான்சின் ‘புதிய அலை’ இயக்குநர் பலர் உருவாயினர். 1968ஆம் ஆண்டு பிப்பிரவரியில் அரசு அவரைப் பதவியினின்று நீக்கியபோது அவர்களே தெருவில் இறங்கிப் போராடி, அவரை மீண்டும் அப்பதவியில் அமர்த்தினர். ஆயினும், முறையான அட்டவணையும் தக்க வைப்பிடமும் இன்மையால் அக்காப்பகத்தில் அழிந்த சுருள்களும் உண்டு. அமெரிக்காவில் வாழ்ந்த வில்லியம் எவர்சன் இவ்வகையாருள் மற்றொருவர். தம் வீட்டுத் தொகுப்பையே நியூயார்க்குத் திரைப்படக் கழகத்தார்க்கும் பல்கலைக்கழக மாணவர்க்கும் பாடநூல்போல் பயன்படுத்தினார்.

அர்ச்செந்தீனா நாட்டு நிகழ்ச்சி ஒன்று இவ்வகையின் பயனை நன்கு விளக்கும். பிரிட்சு இலாங்கு இயக்கிய ‘மெட்ரோபொலிசு’ 1927ஆம் ஆண்டு சனவரியில் பெர்லினில் வெளியாகி, விரைவிலேயே வெட்டிச் சுருக்கப்பட்டது. வெட்டுமுன் எடுத்த படி ஒன்றைப் படவிநியோகத்தார் ஒருவர் 1928ஆம் ஆண்டில் புவெனசு அயர்சுக்குக் கொணர்ந்தார். அது பின்னர்த் திரைப்படத் திறனாய்வாளர் மனுவேல் பெஞா உரோதிரிகெசு என்பாரின் தொகுப்பைச் சேர்ந்தது. திரைப்படக் கழகங்களில் காட்டப்பட்டது; பின்பு 16 மில்லிமீட்டராகப் படியெடுக்கப்பட்டது; இறுதியில் அந்நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தை அடைந்தது. அப்படம் அங்கு ஓடிய நேரம் வழக்கத்தினும் மிக நீண்டிருந்தது என்று கழகத்தார் ஒருவர் கூறிய நினைவே தேடலுக்கு வழிகாட்டியது. 2008ஆம் ஆண்டில் சுருளைத் திறந்து பார்த்தபோது, எண்பது ஆண்டுகள் காணாதிருந்த ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடக் காட்சிகள் அதிலிருந்தன. கீறல் மலிந்த அக்காட்சிகளையும் சேர்த்து மீட்டமைத்த படம் 2010ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. தொகுத்தவர் காட்டாதிருந்தால் அந்நினைவு இராது. நினைவு இல்லையேல் சுருளும் அருங்காட்சியகத்துள்ளேயே அறியப்படாது கிடந்திருக்கும்.

4. பதிவு செய்து தொகுத்தோர்

1975ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்சும், 1976ஆம் ஆண்டில் வி.எச்.எசு. முறையும் தோன்றின. அதன்பின் தொலைக்காட்சியில் வந்த படத்தை வீட்டிலேயே நாடாவிற் பதிதல் எளிதாயிற்று. தொகுப்பாளர் எண்ணிக்கை பெருகியது. சட்டத்தோடு பிணக்கும் பெருகியது.

இப்பிணக்கு முன்னரே இருந்தது. படச்சுருளை விற்கும் உரிமை தமக்கன்றிப் பிறர்க்கில்லை என்பது தயாரிப்பு நிறுவனங்களின் வாதம். 1974ஆம் ஆண்டு திசம்பரில் நடிகர் உராடி மெக்டவலின் இல்லத்தை அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையார் சோதனையிட்டு, அவர் தொகுப்பைக் கைப்பற்றினர். எனினும் அவர்மேல் குற்றம் சாட்டப்படவில்லை. அச்சத்தால் பல தொகுப்பாளர் தம்மிடம் உள்ளதை வெளியிற் கூறாராயினர். பொருளுடையார்க்கு உரிமை உண்டென்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும், அந்நிறுவனங்களே பயனற்றவையென்று தம் பழஞ்சுருள்களைக் கைவிட்டனவும், வெள்ளியை எடுத்தற்காகக் கரைத்தனவும் உண்டு என்பதை வரலாறு மறத்தல் ஆகாது.

1984ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம், பின்னர்ப் பார்த்தற்பொருட்டு வீட்டிற் பதிதல் குற்றமன்று என ஐவர்க்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. நிலையாகத் தொகுத்து வைத்தல் பற்றி அம்மன்றம் முடிந்த முடிபு கூறவில்லை. தொகுப்பாளரின் பெட்டி இவ்வாறு சட்டத்தின் தெளிவற்ற நிழலிலேயே நின்றது.

5. பதிப்பு நோக்கித் தொகுத்தோர்

ஐந்தாம் வகையார் நம் பதிப்பாசிரியரை ஒத்தவர். படம் இருந்தாற் போதும் என்று இவர் அமைவதில்லை. எந்தப் பதிப்பு, எந்த நீளம், எந்த அகலம் என்று வினவுவர். தொலைக்காட்சிக்காகப் பக்கங்கள் வெட்டப்பட்ட படத்தை ஏலார். 1984ஆம் ஆண்டில் கிரைட்டீரியன் நிறுவனம் ‘சிட்டிசன் கேன்’, ‘கிங் காங்’ என்னும் படங்களை ஒளித்தட்டில் வெளியிட்டது. அவற்றுட் பின்னதில் அறிஞர் ஒருவரின் விளக்கவுரை, படத்தோடு உடன் கேட்குமாறு சேர்க்கப்பட்டது. மூலமும் உரையும் ஒருங்கே அமைந்த நூற்பதிப்பின் இயல்பு இதனால் திரைப்படத்திற்கும் வந்தது. 1990களின் இறுதியில் டி.வி.டி. பரவியபின் இவ்வழக்கம் பெருகியது. ‘பிளேடு இரன்னர்’ படத்தின் ஐந்து வடிவங்கள் 2007ஆம் ஆண்டில் ஒரே பேழையாக வெளிவந்தன. பாடவேறுபாடு காணும் ஆர்வம் ஏட்டாய்வாளர்க்கே உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

6. தமிழ்நாட்டு நிலை

தமிழ்நாட்டில் படச்சுருளை வாங்கி வீட்டில் வைத்தல் மிகச் சிலர்க்கே இயல்வதாயிருந்தது. நடராச முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை; 1931ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ இல்லை. ஆயினும், நம் ஆர்வலர் வேறு வகையால் தொகுத்தனர். கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் சேர்த்து வைத்தனர். கதைச் சுருக்கம், நடிகர் பெயர், பாடல் ஆகியவற்றைத் தாங்கிய அச்சிறு புத்தகங்களே மறைந்த படங்கள் பலவற்றிற்கு இன்று சான்றாவன. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டறிக்கைகளையும் அறிவிப்புகளையும் தொகுத்தார். அவர் தொகுப்பே 1994ஆம் ஆண்டில் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. பிலிம் நியூஸ் ஆனந்தன் தம் இல்லத்தில் சேர்த்த படங்களும் குறிப்புகளும் தமிழ்த் திரைப்பட வரலாற்றிற்கு அடிப்படையாயின. 1964ஆம் ஆண்டில் புனேயில் தோன்றிய தேசியத் திரைப்படக் காப்பகத்தை வளர்த்த பி. கே. நாயரும், இளமையில் திரையரங்கு நுழைவுச் சீட்டுகளைத் தொகுத்த ஆர்வலரே.

பகையாலும் படம் பிழைத்ததுண்டு. 1933ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் ஊமைப்படம், நாவலின் உரிமை பெற்றிருந்த பதிப்பகத்தார் தொடுத்த வழக்கால் முடக்கப்பட்டது. அதனாலேயே அதன் சுருள் அப்பதிப்பகத்தாரிடம் தங்கி, பின்னர்த் தேசியக் காப்பகத்தை அடைந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? களிப்பிற்காக வாங்கியவர் அறியாமலே காத்தார், வேட்கையுடையார் தேடி இணைத்தார், காட்டுவோர் நினைவை வளர்த்தார், பதிந்தோர் பெருக்கினார், பதிப்பு நோக்கினோர் திருத்தினார். இவருள் ஒரு வகையாரே போதும் எனல் பொருந்தாது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்தமையாலேயே படங்கள் எஞ்சின.

இத்தொடர் இன்று அறும் நிலையில் உள்ளது. இணையத்தின் வழியே படம் காண்பார் கையில் பொருளென ஒன்றும் தங்குவதில்லை. நிறுவனம் நீக்கிய நாளில் படம் எல்லா வீடுகளிலும் ஒருங்கே மறைகின்றது. எஞ்சிய பழஞ்சுருளும் நாடாவும் காடி நாற்றம் எழுப்பியும் பூஞ்சை படிந்தும் சிதைகின்றன. தொகுத்தவர் மறைந்தபின் அவை பழம்பொருட்கடைக்குச் செல்கின்றன. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட செய்தியைப் படித்து இரங்கும் நாம், நம் காலத்து ஆற்றைக் காணாதிருத்தல் தகுமோ? தமிழ்த்துறையினர் தத்தம் ஊரிலுள்ள பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு, நாடா ஆகியவற்றின் தொகுப்புகளைச் சுவடிகளைப்போலவே நேரிற் கண்டு அட்டவணைப்படுத்துதல் வேண்டும். தொகுத்தவர் உயிரோடிருக்கும்போதே, எது எங்கிருந்து எவ்வாறு வந்தது என்பதனை அவர் வாய்மொழியாகக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். புவெனசு அயர்சுச் சுருளைத் தந்தது ஒருவர் நினைவே என்பதை மறவாதிருப்போமாயின், இப்பணியைக் காலந்தாழ்த்தோம் என்பது எம் துணிபு.