ஒரு நிமிடப் படத்தின் இரு முகங்கள்

பழம்பொருள் சேர்ப்போர் பல திறத்தினர். முத்திரை சேர்ப்போர் உண்டு. நாணயம் சேர்ப்போர் உண்டு. நான் சேர்ப்பவை எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே கையில் தந்துவிடும் பொலரொய்ட் கமராக்கள். பழுதடைந்தவற்றை வாங்கித் துடைத்து, திருத்தி, மீண்டும் இயங்க வைப்பது பல ஆண்டுகளாக எனது ஓய்வுநேரப் பணி. அந்தப் பணி என்னை இட்டுச்சென்ற ஒரு வரலாற்றைப் பற்றியே இங்கு சில சொல்ல விழைகிறேன்.

அந்த வரலாறு ஒரு குழந்தையின் கேள்வியில் தொடங்குகிறது. 1943 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சாண்டா பே நகரில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார் எட்வின் லாண்ட் என்னும் கண்டுபிடிப்பாளர். அவர் எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியாது என்று கேட்டாள் அவருடைய மூன்று வயது மகள். தந்தை அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடவில்லை. 1947 பெப்ரவரி 21 ஆம் திகதி, நியூயோர்க்கில் ஒளியியல் அறிஞர்களின் கூட்டத்திலே தம்மையே படம்பிடித்துச் சிறிது நேரத்தில் உரித்துக் காட்டினார். 1948 நவம்பரில் பொஸ்டன் நகரக் கடையொன்றில் 'மாதிரி 95' விற்பனைக்கு வந்தது. கொண்டுவந்த கமராக்கள் அன்றைக்கே விற்றுத் தீர்ந்தன.

இதன் இரகசியம் கமராவில் இல்லை, பிலிமில் இருக்கிறது. ஒளிபட்ட நெகட்டிவ்வும் படம் பதியவேண்டிய தாளும் இரு உருளைகளின் நடுவே ஒன்றாக இழுபடும். அவற்றிடையே உள்ள சிறு உறை நசுங்கி, பசைபோன்ற இரசாயனம் சீராகப் பரவும். ஒரு நிமிடம் பொறுத்து உரித்தால் படம் கையில். இருட்டறையைத் தன் வயிற்றுக்குள்ளேயே சுமந்த கருவி அது. 1972 இல் வெளிவந்த 'எஸ்எக்ஸ்-70' இன்னும் ஒரு படி மேலே சென்றது. மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும். உரிக்கும் வேலையும் இல்லை. மோட்டார் வெளியே தள்ளும் தாளில், பகல் வெளிச்சத்திலேயே, நம் கண்முன்னே வர்ணங்கள் தோன்றும்.

திருத்தும் வேலைக்குப் பொறுமைதான் முதல். உருளைகளில் பழைய இரசாயனம் காய்ந்து ஒட்டியிருந்தால் படமெங்கும் புள்ளி விழும். ஈரத்துணியால் மெல்ல மெல்லத் துடைக்கவேண்டும். மடிப்புறையில் ஊசித்துவாரம் இருக்கிறதா என்று இருட்டில் டோர்ச் வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கவேண்டும். உரிந்த தோலை அளவெடுத்து வெட்டி ஒட்டவேண்டும். எல்லாம் செய்த பின்பும் எஸ்எக்ஸ்-70 உயிர் பெறாது. அதை இயக்கும் பற்றரி பிலிம் பெட்டிக்குள் இருக்கிறது. பிலிம் இல்லையேல் கமரா வெறுங்கூடு.

மாதிரி 95 இன் கதி அதுவே. அதற்குரிய சுருள் பிலிம் 1992 இல் நின்றுபோயிற்று. என்னிடமுள்ள ஒன்று கடிகாரம்போல இயங்குகிறது; ஆனால் படம் தராது. எஸ்எக்ஸ்-70 க்கும் அந்த விதி நெருங்கியது. 2001 இல் கம்பனி முறிந்தது. 2008 இல் பிலிம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் மூடப்படவிருந்த ஆலையின் யந்திரங்களைப் பழைய ஊழியர்கள் சிலரும் ஆர்வலர்களும் காப்பாற்றினார்கள். பழைய இரசாயனங்கள் பல கிடைக்கவில்லை. புதிதாக ஒரு கலவையைக் கண்டுபிடித்து 2010 இல் பிலிம் வெளியிட்டார்கள். அதனாலேயே என் கமரா இன்றும் படம் தருகிறது.

இனி மற்ற முகத்துக்கு வருவோம். உடனே வேண்டும் என்று கேட்டவள் அந்தக் குழந்தை மட்டும் அல்லள். அரசாங்கங்களும் கேட்டன.

தென்னாபிரிக்காவில் பதினாறு வயது கடந்த கறுப்பின மக்கள் எப்போதும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்கவேண்டும் என்பது நிறவெறி அரசின் சட்டம். அச்சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21 இல் ஷார்ப்வில்லில் திரண்டவர்கள்மீது பொலிஸார் சுட்டதில் 69 பேர் இறந்தனர். அந்தப் புத்தகத்துக்கான முகப்படங்களை விரைவாக எடுக்க உதவியது பொலரொய்ட் முறை. 1970 இல் அக்கம்பனியிலேயே பணிபுரிந்த கரோலின் ஹன்டர் என்ற இரசாயனவியலாளரும் கென் வில்லியம்ஸ் என்ற புகைப்படக் கலைஞரும் வேலைத்தலத்தில் ஒரு மாதிரி அடையாள அட்டையைக் கண்டு திடுக்குற்றார்கள். அது தென்னாபிரிக்காவுக்கு உரியது. இருவரும் சக ஊழியரைத் திரட்டி, அந்நாட்டை விட்டு வெளியேறும்படி கம்பனியைக் கேட்டுப் போராடினார்கள். ஹன்டர் வேலையை இழந்தார். கம்பனியோ, அரசுக்கு விற்கமாட்டோம் என்ற உறுதியோடு அங்கே தொடர்ந்தது. அங்கிருந்த விநியோகஸ்தர் இரகசியமாக அரசுக்கு விற்றுவந்தது அம்பலமான பின்னரே, 1977 இல், உறவை முறித்துக்கொண்டது.

அடையாள அட்டையை எடுக்க மறந்து வாசல் தாண்டியவனின் பதற்றம் நம் நாட்டவர்க்குப் புதிதன்று. ஆகவே இந்தக் கதையை நாம் தூரத்துச் செய்தியாக வாசிக்க இயலாது.

ஒவ்வொரு கமராவையும் பிரிக்கும்போது, இது யாருடைய முகத்தைப் பார்த்திருக்கும் என்று எண்ணுவேன். கருவி அதைச் சொல்லாது. படம் அதை எடுத்தவரோடோ, எடுக்கப்பட்டவரோடோ, அலுவலகக் கோவையோடோ போய்விட்டது. பிறந்தநாள் மேசையின் முன் நின்ற பிள்ளைக்கும், வரிசையில் நிறுத்தப்பட்ட தொழிலாளிக்கும் அதே ஒரு நிமிடத்தில்தான் படம் கிடைத்தது. முன்னவர் அதை ஆசையோடு ஊதி ஆற்றிப் பார்த்தார். பின்னவர் அதைச் சுமந்து திரிய நேர்ந்தது.

என் கமராக்களைப் பார்க்க வரும் இளைஞர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்து, வேலை செய்யுமா என்பார்கள். ஒரு படம் எடுத்துக் கையில் கொடுப்பேன். வர்ணம் தெளிவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவேளையில் சாண்டா பே சிறுமியின் கதையைச் சொல்லுவேன். கரோலின் ஹன்டரின் கதையையும் சொல்லுவேன். இரண்டையும் சேர்த்தே நான் பாதுகாக்கிறேன்.