சேலம் சிறையும் காமரூன் காடும்

வேப்பனப்பள்ளிக்காரர்களுக்கு இன்று கலெக்டர் ஆபீஸ் கிருஷ்ணகிரியில். 2004-க்கு முன் தருமபுரி. 1965-க்கு முன் சேலம். ஆந்திரம், கர்நாடகம் இரண்டையும் ஒட்டிய இந்த மூலை சேலம் ஜில்லாவில் இருந்த காலத்தில்தான் சேலம் மத்தியச் சிறைச் சம்பவம் நடந்தது.

1950 பிப்ரவரி 11. நாடு குடியரசாகி 16 நாள்தான் ஆகியிருந்தது. முந்தைய ஆண்டே கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சென்னை மாகாண அரசு தடை போட்டு, தொண்டர்களைச் சிறையில் அடைத்திருந்தது. சேலத்தில் இருந்தவர்களில் பலர் மலபார் விவசாயிகள். மலபாரும் அப்போது சென்னையோடுதான் இருந்தது. அரசியல் கைதிகளுக்கு உரிய மரியாதையைக் கேட்டார்கள். கிடைத்தது தடியடி, பிறகு துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தார்கள்.

இரண்டே ஆண்டில் காட்சி மாறியது. முதல் பொதுத்தேர்தலில் கதிர் அரிவாள் சின்னத்தில் நின்ற அதே கட்சி, 375 பேர் கொண்ட சென்னைச் சட்டசபையில் 62 இடங்களைப் பிடித்தது. பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் ஜெயித்தார். 152 இடங்களோடு பெரும்பான்மை இல்லாமல் தவித்த காங்கிரஸ், ஆட்சியமைக்க ராஜாஜியை அழைத்து வந்தது.

மத்திய ஆப்பிரிக்காவின் காமரூனில் இதே போன்ற கதை வேறு பக்கம் திரும்பியது. 1948-ல் உருவான இடதுசாரிக் கட்சி ‘காமரூன் மக்கள் ஒன்றியம்’. தொழிற்சங்கத்திலிருந்து வந்த அதன் தலைவர் ரூபென் உம் நியோபே, 1952-ல் ஐ.நா. சபைக்கே போய் நாட்டின் விடுதலைக்காக வாதாடினார். 1955 ஜூலையில் பிரெஞ்சு நிர்வாகம் கட்சியைத் தடை செய்தது. தேர்தல் வாசல் அடைபட்டது. தொண்டர்கள் காட்டுக்குள் போனார்கள். 1958 செப்டம்பர் 13-ல் உம் நியோபேயைப் பிரெஞ்சுப் படை சுட்டுக் கொன்றது. அடுத்த தலைவர் ஃபெலிக்ஸ் மூமியே 1960-ல் ஜெனிவாவில் தாலியம் விஷத்துக்குப் பலியானார். நாடு விடுதலை பெற்ற ஆண்டும் அதுதான். ஆனால், கட்சி மறுபடி முழுச் சட்டபூர்வமாக இயங்க 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே, வேப்பனப்பள்ளி இருக்கும் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி தொகுதியில் 2011-லும் 2021-லும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் டி. ராமச்சந்திரன் ஜெயித்தார். 2021-ல் தமிழ்நாடு முழுக்க அந்தக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். ஒன்று டெல்டாவின் திருத்துறைப்பூண்டி, மற்றது தளி. டெல்டாவில் பண்ணை விவசாயக் கூலிகளின் போராட்டம் அந்தக் கொடியை வளர்த்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் இந்த எல்லைப் பகுதிக்கு அது எந்த வழியாக வந்தது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)