மருந்துக்கு மசியாத மாற்றம்

1895இல் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்ணொருவரின் சினைப்பைகளை அகற்றியபோது கட்டி கரைந்தது. ஆயினும் சில ஆண்டுகளில் நோய் திரும்பியது. கரைந்தது திரும்புவதற்கான முக்கியக் காரணமொன்று விளங்க ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புற்றுச்செல்லிலுள்ள ஏற்பி என்னும் புரதத்தில் பொருந்தி அச்செல்லைப் பெருகத் தூண்டுகிறது. 1962இல் இங்கிலாந்தில் உருவான டாமோக்சிஃபென் அந்த ஏற்பியை அடைத்துக்கொள்ள, பின்னர் வந்த அரோமட்டேஸ் தடுப்பான்களோ மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைத்தன.

தமிழகத்தில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. இராமநாதபுரம் மாவட்டத்தின் திருப்புல்லாணி, சேதுக்கரைப் பகுதிப் பெண்கள் அங்கு செல்ல இராமநாதபுரத்தில் இரவு ரயிலேறி எழும்பூரில் இறங்க வேண்டியிருந்தது. மாவட்டத் தலைநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்ததோ 2022இல்தான். இத்தனை தாமதம் நியாயமானதன்று.

பீட்சன் காலத்துப் புதிருக்கான விடையின் முதல் தடயம் 1997இல், உடலின் வேறிடத்துக்குப் பரவிய கட்டியொன்றில் தென்பட்டும் போதிய கவனம் பெறவில்லை. 2013இல் அருள் சின்னையன் தலைமையிலான மிச்சிகன் குழுவும் நியூயார்க் குழுவொன்றும் தனித்தனியே அதை உறுதிசெய்தன. ஏற்பியை உருவாக்கும் ஈஎஸ்ஆர்1 மரபணுவில் ஓரெழுத்து பிறழ்ந்தாலே ஏற்பியின் 537ஆம் அல்லது 538ஆம் அமினோ அமிலம் மாறிவிடுகிறது. அவ்வாறு மாறிய ஏற்பி, ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே ஓயாது இயங்கிக்கொண்டிருக்கிறது. ஆதலால் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மருந்து அங்கே பயனற்றுப்போகிறது. 537ஆம் இடத்து மாற்றமொன்று பரவும் ஆற்றலையும் கூட்டுவதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுள்ள மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் காணப்படும் பிஐகே3சிஏ மரபணு மாற்றம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே இருப்பது. ஈஎஸ்ஆர்1 மாற்றமோ முதற்கட்டியில் அரிது, நெடுநாள் சிகிச்சையின் அழுத்தத்தில்தான் மேலோங்குகிறது. எனவே மருந்து தோற்றமைக்கு மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளாததே காரணமென நோயாளியின் மேல் பழி சுமத்துவது பல வேளைகளில் அநீதியாகும்.

ஈஎஸ்ஆர்1 மாற்றமுள்ளவர்களுக்கென எலாசெஸ்ட்ரன்ட் மாத்திரைக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆனால் முதல் அறுவையின்போது தரப்பட்ட திசு அறிக்கையைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து மருத்துவரிடம் நீட்டும் பெண்ணுக்கு, அத்தாள் பழைய கட்டியைப் பற்றி மட்டுமே சொல்லும். எலும்பிலோ கல்லீரலிலோ நோய் தோன்றியபின் அங்கிருந்து எடுத்த திசுவையோ, குருதியில் கலந்திருக்கும் கட்டியின் டிஎன்ஏவையோ இம்மாற்றம் உண்டா எனப் புதிதாகச் சோதித்தாக வேண்டும்.