இணைமருத்துவமும் உடற்கல்வியும்: தோப்பூர்ப் பிரதேசத்துத் தொழிற்பயிற்சி

தோப்பூர், இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பிரதேசத்தில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே அமைந்து, நெற்செய்கையையும் மீன்பிடியையும் பிரதான ஜீவனோபாயமாகக் கொண்டு, முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாய் வாழும் ஊராகும். பிரதேச வைத்தியசாலையும் அல் ஹம்றா மத்திய கல்லூரியும் இவ்வூரில் உள. எனினும் தாதியம், இயன்மருத்துவம், உடற்கல்வி ஆகிய துறைகளிற் பட்டம் வழங்கும் கல்லூரி எதுவும் இங்கு இன்மையால், இத்தொழில்களை நாடும் மாணவர் ஊரைவிட்டுப் புறப்பட வேண்டியவராகின்றனர்.

பெயரும் எல்லையும்

மருத்துவர் நோயை நிர்ணயிப்பதற்கு வேண்டிய சான்றுகளைத் தேடிக் கொடுப்பதும், அவர் விதித்த சிகிச்சையை நோயாளியின் தேகத்தில் நிறைவேற்றுவதுமாகிய தொழில்கள் இணைமருத்துவம் எனப்படும். மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், கதிர்ப்படப்பிடிப்பாளர், இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர் என்னும் ஐவரை அரசாங்கச் சேவை ‘நிறைவுகாண் மருத்துவ சேவை’ எனத் தனியே வகுத்துள்ளது. உடற்கல்வியோ, நோய் வருமுன் தேகத்தைத் திடப்படுத்துவதை நோக்கமாகக் கொண்டது. பாடசாலையில் ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ என ஒரே பாடமாகக் கற்பிக்கப்படும் இவ்விரண்டும், உயர்கல்வியை எட்டியதும் வெவ்வேறு நிறுவனங்களுக்கும் அமைச்சுகளுக்கும் உரியனவாகப் பிரிந்துவிடுகின்றன.

முன்வரலாறு

கல்லூரிகள் தோன்றுமுன் இவ்வறிவு குருசிஷ்ய முறையிலேயே வழங்கிவந்தது. கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களிற் சீனடியையும் சிலம்பத்தையும் அண்ணாவிமார் பயிற்ற, பரிசாரிகள் மூலிகை வைத்தியமும், முறிவு வைத்தியர் எலும்பு கட்டுதலும், மருத்துவிச்சிமார் பிரசவ பராமரிப்பும் பார்த்துவந்தனர்.

மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் உருப்பெற்றது. 1847ஆம் ஆண்டில் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயைத் தமது நிலையமாகக் கொண்டு, சுதேச மாணவர் அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராகப் பயிற்றியதோடு, ‘இரணவைத்தியம்’ (1867), ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய பாடநூல்கள் தமிழில் வெளிவரவும் காரணராயினார். தேகப்பயிற்சித் துறையில் இதற்கு ஒப்பான தொடக்கம் சென்னையில் நிகழ்ந்தது: ஹாரி குரோ பக் என்பார் 1920இல் நிறுவிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, ஆசியாவில் இத்துறைக்கென எழுந்த முதற் கல்லூரியாகக் கருதப்படுகிறது.

தெரிவு முறை

பல்கலைக்கழகத்தின் இணைமருத்துவக் கற்கைநெறிகளுக்குச் செல்ல விரும்பும் மாணவர் க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் சித்தியெய்தல் வேண்டும். பாடங்களின் கடின வேறுபாட்டைச் சமன்செய்யும் பொருட்டு 2001இற் புகுத்தப்பட்ட இசெட் புள்ளி முறையில் மாணவர் வரிசைப்படுத்தப்படுகின்றனர். இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமையினாலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்தினாலும், எஞ்சிய 5 வீதம் கல்வி வசதி குறைந்தனவெனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்குமாகப் பங்கிடப்படுகின்றன. அப்பதினாறில் திருகோணமலையும் ஒன்றாதலால், கொழும்பு மாணவர் இழந்துவிடக்கூடிய புள்ளியிலும் தோப்பூர் மாணவர் இடம்பெறுதல் சாத்தியமாகிறது. ஆயினும், இச்சலுகையின் பயனை அடைவதற்கு முதலில் உயர்தர விஞ்ஞான வகுப்பும், அதற்குரிய ஆசிரியரும், ஆய்வுகூடமும் அமைதல் வேண்டும். விஞ்ஞானப் பிரிவில் அமராத மாணவருக்கு எந்த ஒதுக்கீடும் உதவுவதில்லை.

பயிற்சி நெறிகள்

முதலாவது வழி பல்கலைக்கழகம். அண்மையிலுள்ளதாகிய கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் மட்டக்களப்பில் மருத்துவத்தோடு தாதியப் பட்டத்தையும் வழங்குகிறது. கோணேசபுரியில் உள்ள அதன் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியம், மருந்தாக்கம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியனவும், பேராதனையில் அவற்றோடு இயன்மருத்துவமும் கதிர்ப்படவியலும் நான்காண்டுப் பட்டங்களாக உள. சேவையிலிருக்கும் தாதியருக்கென இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994 முதல் தொலைக்கல்விப் பட்டநெறியை நடத்திவருகிறது.

இரண்டாவது வழி சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகள். வர்த்தமானி அறிவித்தல் மூலம் தெரிவாகும் தாதிய மாணவர், மட்டக்களப்பு உட்படப் பல நகரங்களிலுள்ள தாதியர் கல்லூரிகளில் மூன்றாண்டு பயின்று, அக்காலத்திற் கொடுப்பனவும் பெற்று, முடிவில் அரசாங்க வைத்தியசாலைகளில் நியமனம் பெறுகின்றனர். வறிய குடும்பத்தினர் பட்டத்தினும் இவ்வழியைப் பெரிதும் விரும்புவதற்கு இக்கொடுப்பனவும் நியமனமுமே காரணமாம். பொதுச்சுகாதார உத்தியோகத்தரின் பயிற்சி களுத்துறையிலுள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனத்தைச் சார்ந்தது. உள்நாட்டு யுத்தத்தில் அவயவம் இழந்தோர் மிகுந்த இத்தேசத்திற்கு இன்றியமையாத செயற்கை அவயவக் கலைக்கென ராகமையில் ஒரு கல்லூரி உளது.

மூன்றாவது வழி தொழிற்பயிற்சி. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிப்பட்ட மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் மேற்பார்வையில், ஏழு படிகளையுடைய தேசிய தொழிற்றகைமை முறை இயங்குகிறது. உயர்தர விஞ்ஞானம் கற்காதவரும் பராமரிப்பாளர் போன்ற தொழில்களுக்குரிய சான்றிதழை இதன்மூலம் பெறலாம்.

உடற்கல்விப் பயிற்சி

உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோருக்குத் தேசிய கல்வியியற் கல்லூரிகள் சிலவற்றில், இரண்டாண்டு விடுதி வாசமும் ஓராண்டுப் பாடசாலைப் பயிற்சியுமாகிய கற்கை விதிக்கப்பட்டுள்ளது. பட்டப்படிப்பை நாடுவோருக்குச் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் உளது.

போக்குவரத்தும் இடப்பெயர்வும்

தோப்பூர் மாணவரின் கல்வியிற் பாடங்களுக்கு நிகராகப் பாதைகளும் பங்குகொண்டன. மூதூரிலிருந்து லோஞ்சிற் குடாவைக் கடந்தோ, ஆற்றுத் துறைகளில் ‘பாதை’ எனப்படும் மிதவைக்குக் காத்திருந்தோ திருகோணமலை சேர்ந்த காலம், 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டதோடு பெரும்பாலும் முடிவுற்றது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 2006 ஆகஸ்டில், யுத்தம் மூதூர்ப் பகுதியைச் சூழ்ந்தபோது மக்கள் கந்தளாய் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்களோடு பாடசாலைப் பிள்ளைகளும் முகாம்களுக்குச் சென்றனர்.

பதிவும் தொழிலும்

1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மருந்தாளர் உட்பட நிறைவுகாண் மருத்துவ சேவையினர் மருத்துவ சபையிற் பதிவுபெறுகின்றனர். தாதியருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் தனிச் சபை அமைத்தது. ‘ஜிம்’ எனப்படும் உடற்பயிற்சி நிலையத்துப் பயிற்றுநருக்கு இவ்விரு பதிவேட்டிலும் இடமில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் பாரம் தூக்க வரும்போது, எவரை முதலில் மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்று அறிதலே பயிற்றுநரின் முதற் கடமையாதலால், நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் அளந்தறியும் பயிற்சி அவருக்கும் இன்றியமையாததாகிறது.

பிரிந்த துறைகள் மீண்டும் கூடும் இடமும் ஒன்றுண்டு. தொற்றாநோய்களை முன்னறிதற்பொருட்டு 2011 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் அமைக்கப்பட்டுவரும் சுகவாழ்வு நிலையங்களில், நடுவயதினரின் நிறையும் இரத்த அழுத்தமும் குருதிச் சீனியும் அளக்கப்படுகின்றன. அளவு மிகுந்தவருக்கு மருந்தோடு நடைப்பயிற்சியும் விதிக்கப்படுகிறது. மாணவப் பருவத்தில் ஒரே அட்டைக்குள் அடங்கிய பாடநூலில் வாசித்த இரண்டும், வயலிலிருந்தும் கடலிலிருந்தும் வந்து வரிசையில் அமர்ந்திருப்பவரின் பொருட்டு, அங்கே ஒரே மேசையின்மேல் வந்து சேர்கின்றன.