ஐயாயிரம் அடிக் கோடு

பதுளைக்குக் கிழக்கே மடூல்சீமையில், 1869ஆம் ஆண்டு, ஒரு கோப்பித் தோட்டத்தில் சில செடிகள் மட்டும் பருவம் தப்பி இலை உதிர்த்தன. உதிர்ந்த இலையின் மேற்பக்கத்தில் வெளிறிய வட்டப் புள்ளிகள். திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் செம்மஞ்சள் பொடி. தொட்டால் விரலில் ஒட்டியது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் இப்படியொன்றை அதற்கு முன் கண்டதில்லை. இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்றொரு பாதிரியார் இருந்தார். அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்தது பங்கசுதான் என்று 1846இல் எழுதி வாதாடியவர் அவர். அதே 1869 நவம்பரில் இந்தப் புதிய பங்கசுக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்து அறிவித்தார்.

முதலில் சில செடிகள், பிறகு இரண்டு மூன்று ஏக்கர். ஐந்தே ஆண்டுகளில் கோப்பி விளைந்த மாவட்டம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனாலும் தோட்டக்காரர் பயப்படவில்லை. கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் மேலும் மேலும் காட்டை வெட்டி நட்டார்கள். 1878இல் கோப்பி நின்ற நிலம் சுமார் 2,75,000 ஏக்கர். 1870ஆம் ஆண்டளவில் 10 கோடி இறாத்தலைத் தாண்டிய ஏற்றுமதி, 1889இல் ஏறத்தாழ 50 இலட்சம் இறாத்தலுக்குச் சுருங்கியது. பட்டுப்போன கோப்பி மரங்களின் தண்டுகள் சீமைக்குப் போய்த் தேநீர் மேசைகளுக்குக் காலாயின என்று அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்தச் சரிவு யாருடைய வயிற்றில் அடித்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போகக் கூடாது. தலைமன்னாரிலும் மன்னாரிலும் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் அந்தத் தோட்டங்களில் இருந்தார்கள். கோப்பி சாயச் சாயச் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது துரைமாருடைய முதலே போய்விட்டது. கங்காணியிடம் வாங்கிய கடன் மட்டும் தொழிலாளியின் பெயரில் அப்படியே இருந்தது.

நோயை ஆராய 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் வந்து சேர்ந்தார். வயது 25. கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் தடவித் தோட்டங்களில் கட்டித் தொங்கவிட்டார். காற்றில் வந்த வித்திகள் அதில் ஒட்டின. ஒரு வித்தி இலையின் அடிப்பக்கத்தில் படிந்து, அங்கே நீர்த்துளி இருந்தால் முளைத்து, இலைவாய் வழியே உள்ளே போகிறது. உள்ளே போன பிறகு வெளியில் எந்தத் தூளைத் தூவியும் பயனில்லை. இவ்வளவையும் இரண்டே ஆண்டுகளில் அவர் கண்டுபிடித்தார். ஆனால் தோட்டக்காரர்கள் கேட்டது மருந்தை. அது அவரிடம் இல்லை. செம்பும் சுண்ணாம்பும் கலந்த போர்தோ கலவை பிரான்சில் 1885இல்தான் அறிவிக்கப்பட்டது. வார்ட் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே கப்பலேறிவிட்டார்.

மருந்தைவிடப் பெரிய உண்மை ஒன்றை அவர் சொல்லிவிட்டுத்தான் போனார். மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை நட்டதுதான் வித்திக்குப் பாதை போட்டுக் கொடுத்தது, காற்றைத் தடுக்க இடையிடையே காடு நின்றிருக்க வேண்டும் என்றார். இதற்குச் சான்று பக்கத்துக் காட்டிலேயே இருந்தது. காந்தியம் இனத்து மரமொன்றின் இலையில் இதே பேரினத்துப் பங்கசு ஒன்று வாழ்ந்துவந்தது. அதற்கும் பெர்க்லிதான், புரூம் என்பவரோடு சேர்ந்து, பெயரிட்டார். நூறு வகை மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மரத்தின் இலையில் அது இருந்தது. அதனால் காடு ஒன்றும் அழிந்துவிடவில்லை.

கோப்பி நோய் பரவிக்கொண்டிருந்த நடுவிலேயே, 1873இல், லண்டன் கியூ பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹுக்கர் இலங்கை அரசுக்கு ஓர் ஆலோசனை கூறினார்: 5,000 அடிக்கு மேலே உள்ள மலைக்காட்டைத் தொடாதீர்கள். அரசும் வெட்டத் தடை விதித்துக் கட்டளை பிறப்பித்தது. நுவரெலியாப் பக்கம் தேயிலை அந்தக் கோட்டைத் தாண்டி ஏறியது உண்மைதான். ஆனாலும் ஹோர்ட்டன் சமவெளியின் காடு பிழைத்ததற்கு அந்தக் கட்டளை ஒரு முக்கிய காரணம். பின்னர் 1969இல் அது இயற்கை ஒதுக்கிடமாயிற்று, 1988இல் தேசிய பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமை. இலங்கையில் இத்தனை காவல் பெற்ற காடுகள் மிகச் சில.

கோப்பி இருந்த இடத்தில் தேயிலை வந்த பிறகும் காடு தோட்டத்தை விடவில்லை. 1905இல் பேராதனைக்குப் பங்கசியலாளராக வந்த டொம் பெட்ச், அங்கங்கே வட்டமாகக் காய்ந்துபோகும் தேயிலைச் செடிகளின் வேரைக் கிளறிப் பார்த்தார். பல இடங்களில் நடுவே ஒரு பழைய அடிக்கட்டை இருந்தது. காட்டை வெட்டியவர்கள் மரத்தைக் கொண்டுபோனார்கள், கட்டையை மண்ணிலேயே விட்டார்கள். பங்கசு அந்தக் கட்டையைத் தின்று வளர்ந்து, வேரோடு வேர் உரசும் வழியே தேயிலைக்குள் புகுந்தது. உயிரோடு நின்ற வரை அந்த மரம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. பெட்ச் 1923இல் வெளியிட்ட தேயிலை நோய்கள் பற்றிய நூல் பின்வந்தவர்களுக்கு அடிப்படை நூலாயிற்று.

இவையெல்லாம் பயிரின் கதை. பயிருக்கு நோய் என்றால் கணக்கேட்டில் உடனே தெரியும், வங்கி முறியும், கப்பலில் நிபுணர் வருவார். காட்டுக்கு நோய் வந்தால்?

ஹோர்ட்டன் சமவெளியில் அது 1970களில் கண்ணில் பட்டது. நாட்டின் மூன்றாவது உயர்ந்த மலையான தொட்டுபொல கந்தையில் மரங்கள் கூட்டமாகச் செத்துக்கொண்டிருப்பதை வன அதிகாரி பெரேரா 1978இல் எழுதினார். இது சுற்றுச்சூழல் பேரழிவா என்ற கேள்வியைக் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தார். பத்தாண்டு கழித்து வேர்னர் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் மலைநாட்டு முகில்காடுகளில் அதே சாவைப் பதிவு செய்தார். பின்வந்த ஆய்வுகளின்படி ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் ஏறத்தாழ கால் பங்கு பாதிக்கப்பட்டிருக்கிறது. மிக மோசமாக அடிபட்டது கீன மரம். மலைநாட்டுக்கே உரிய புன்னை இனம் அது.

சாவு நுனியிலிருந்து தொடங்குகிறது. உச்சிக் கிளையின் இலைகள் மஞ்சளாகி உதிரும். பிறகு சிறு கொம்பு காயும், பிறகு கிளை. குடை விரித்தாற்போன்ற தலையெல்லாம் போய் வெறும் எலும்பு போல மரம் நிற்கும். அந்தச் சாம்பல் நிறக் கொம்புகளில் தாடிப் பாசி தொங்கும். வீழ்ந்த மரத்தின் கீழே கன்று முளைத்தாலும் மரை மேய்ந்துவிடுகிறது.

காரணம் என்ன? வறட்சிதான் என்றார் வேர்னர். மண்ணைச் சோதித்தவர்கள் அது மிகவும் அமிலமானது, கல்சியம் குறைவு, அலுமினியம் வேரைத் தாக்கும் அளவில் இருக்கிறது என்றார்கள். பங்கசையும் தேடினார்கள்; செத்துக்கொண்டிருக்கும் மரத்தில் பங்கசு இல்லாமல் இராது. ஆனால் மடூல்சீமையில் செம்மஞ்சள் பொடியைக் காட்டி இதுதான் என்று சொன்னதுபோல இங்கே எதையும் சுட்ட முடியவில்லை. தண்ணீர்ப் பஞ்சமும் மண்ணும் வலுவைக் குறைத்த மரத்தைப் பங்கசும் பூச்சியும் முடித்துவைக்கின்றன என்பதே நம்பத்தக்க விளக்கமாகத் தோன்றுகிறது.

கொலன்னாவை வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சந்தேகமும் உண்டு: ஈயம். அந்த மலை மண்ணில் ஈயம் சேர்ந்திருப்பதைப் பேராதனை ஆய்வாளர்கள் கண்டார்கள். தென்மேல் பருவக்காற்று கொழும்பைக் கடந்து நேரே அந்த மலைகளில்தான் போய் மோதுகிறது. நாட்டின் பெற்றோல் கொலன்னாவைத் தாங்கிகளிலிருந்து பவுசர் ஏறிப் போன காலத்தில், 2002 வரை, அதில் ஈயம் கலந்திருந்தது. நம் தெருவின் புகைதான் கீன மரத்தைக் கொன்றது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் காற்று மேலே போகும் வழி தெளிவானது. தண்ணீர் கீழே வரும் வழி அதைவிடத் தெளிவானது. ஹோர்ட்டன் சமவெளியில் ஊறும் நீரில் ஒரு பங்கு பொகவந்தலாவை வழியே களனியில் சேர்கிறது. அந்தக் களனியைத்தான் அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. பாசி படர்ந்த முகில்காட்டு இலைகள் மழை பெய்யாத நாளிலும் மூடுபனியை வடித்து மண்ணுக்குக் கொடுப்பவை. தலை காய்ந்த மரம் அந்த வேலையைச் செய்யாது.

பங்கசைக் கணக்கிலிருந்து விட்டுவிடவும் முடியாது. மேற்கு அவுஸ்திரேலியாவில் ஜாரா மரக்காடுகள் பல பத்தாண்டுகளாகக் காரணம் தெரியாமல் செத்துக்கொண்டிருந்தன. 1960களின் நடுவில்தான் பொட்ஜர் என்ற வன நோயியலாளர் வேரை அழுகவைக்கும் பைற்றோப்தோராவைக் கண்டுபிடித்தார். பங்கசைப் போன்ற அந்த நுண்ணுயிர் 1922இல் சுமாத்திராவின் கறுவா மரத்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அது மண்ணோடு நடக்கும். வண்டிச் சில்லிலும் சப்பாத்திலும் ஒட்டிப் போகும். அதனால் அங்கே காட்டு வாயிலில் நடைபயணிகள் சப்பாத்தைக் கழுவிய பிறகே உள்ளே போகிறார்கள். உலக முடிவு எனும் செங்குத்து மலை விளிம்பைப் பார்க்க விடுமுறை நாட்களில் ஆயிரக்கணக்கானோர் ஏறும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இதைச் செய்யலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அதைவிட அவசரமானது தொடர்ந்த கண்காணிப்பு. ஒரே மரங்களுக்கு இலக்கமிட்டு, ஆண்டுதோறும் அதே மாதத்தில் போய், எது காய்ந்தது, எது தளிர்த்தது என்று எழுதும் ஏடு வேண்டும். கோப்பிக்காக அரசாங்கம் வார்ட்டுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்தது. பல நூறாண்டுகள் நின்ற காட்டுக்கு அதைவிட நீண்ட காலம் கொடுக்க வேண்டும்; ஒரு திட்டத்தின் பணம் முடிந்தவுடன் மூடிவிடும் கோப்பாக அது இருக்கக் கூடாது.

(கோப்பி சாய்ந்த பிறகு தோட்டக்காரர்கள் ஓடிப்போய்ப் பற்றிய சிங்கோனா மரத்தின் கதை அடுத்த வாரம்.)